நடப்பவருக்கு முன்னால் இடம்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

எங்கள் தெருமுனையில் ஒரு படிக்கட்டு மேலே ஏறும். ஏறினால் ஏரிக்கரை. கரையில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கல் பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடது பக்கம் நடந்தால் மதகு வரும். அங்கே தண்ணீர் ஆழம், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். வலது பக்கம் நடந்தால் ஒரு நடைபாலம், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை, வெளியூர் பஸ்கள் நிற்கும் நிறுத்தம். வந்த படியிலேயே இறங்கினால் மறுபடி எங்கள் தெரு.

என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அந்தப் பெஞ்சு வரைக்கும் நடக்கப் போனார். எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை.

அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிற வேலை பார்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருப்பார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். பஸ்ஸில் அவர் காலை யாராவது மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். சில மாதமாகப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். கேட்டால், "ஒண்ணுமில்ல, மறந்துட்டேன்" என்பார். அன்று செல்போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பர்ஸ் சட்டைப் பையில் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

போலீஸ் படகு விட்டுத் தேடியது. அன்று பகலில் வாய்க்காலுக்காக மதகைத் திறந்திருந்தார்கள். அதனால் ஏரிக்குள் எதுவும் கிடைக்காததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். பிறகு ஸ்டேஷனில் ஒரு அதிகாரி, "கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாரும்மா, வந்துடுவார்" என்று சமாதானம் சொன்னார்.

"அவருக்குக் கோவிச்சுக்கத் தெரியாது சார். கல்யாணமான புதுசுல நான் எவ்வளவோ சொல்லிக் குடுத்துப் பார்த்தேன்" என்றார் அண்ணி.

அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்சல் ஆபீசில் வேலை, அதே வீட்டில் மாடி அறை. ஆக மூன்று பேர் இருந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது அண்ணி சொன்னதை நான் மறக்கவில்லை. "தம்பி, எனக்கு இடதா வலதான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். இடதுன்னா உக்காந்து அழுதுடுவேன். வலதுன்னா அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்துடுவேன். இப்ப ரெண்டுக்கும் வழியில்லாம தொண்டையிலயே நிக்குது."

அதனால் நாங்கள் தேடியது அந்த ஒன்றைத்தான்.

கரையில் தூண்டில் போடுகிறவர் ஒருவரிடமிருந்து தகவல் வந்தது. அன்று பனி மூட்டம், தனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் போட்டோ கிளாஸ் ஆட்கள் மூன்று கால் ஸ்டாண்டுகளோடு படிக்கட்டின் மேலே வரிசையாக நின்றிருந்தார்கள் என்றார். "ஏரியை அத்தனை கேமரா பார்த்துக்கிட்டிருந்துச்சு. ஏதாவது ஒண்ணுல விழாமலா இருப்பார்?"

அந்த வகுப்பு, ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் நடந்தது. இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. நாங்கள் போன மாலை கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, குறுக்கே இரண்டு கோடும் நெடுக்கே இரண்டு கோடும் போட்டிருந்தது. கோடுகள் வெட்டுகிற இடங்களில் மாஸ்டர் சாக்பீசால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவருக்கு 'மூணு கட்டம்' என்று பேர் வைத்திருந்தார்கள். கழுத்தில் கேமரா வார் பதிந்த தடம் உள்ள ஒல்லியான மனிதர்.

"நடுவுல வைக்காதீங்க, நடுவுல வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மரத்தைக் கொண்டுபோய் நட்டநடுவுல நிறுத்தினா அது பாஸ்போர்ட் போட்டோ. இந்தப் புள்ளி பக்கம் ஒதுக்குங்க. மரம் மூச்சு விடட்டும்."

கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக ஏறி வந்தது. வகுப்பில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். மாஸ்டர் சாக்பீசை வைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். விளக்கை அணைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் அத்தனையையும் சுவரில் காட்டச் சொன்னார். மருந்துக்கடை நடத்தும் ஒரு அம்மா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

ஏரி வந்தது. பனிமூட்டம், சாம்பல் தண்ணீர். மறுபடி ஏரி. கரைப் புல்லில் பனித்துளி, பின்னால் ஏரி. காலியான கல் பெஞ்சு. இன்னொரு கோணத்திலிருந்து காலியான கல் பெஞ்சு.

"இதுல பாருங்க, முன்னாடி இந்தக் கல்லைச் சேர்த்ததால படத்துக்கு ஒரு ஆழம்…" என்று ஆரம்பித்த மாஸ்டர் நிறுத்தி, "மன்னிச்சுக்குங்கம்மா, பழக்கதோஷம்" என்றார்.

"பரவாயில்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி. பிறகு, "ஒரு படத்துல கூட ஆளே இல்லையே?" என்று கேட்டார்.

பருமனான ஒருவர் (கேமராவைவிட விலை கூடிய ஸ்டாண்டு வாங்கியதால் அவர் பேரே 'ஸ்டாண்டு') தொண்டையைச் செருமினார். "அன்னைக்குப் பாடமே அதாங்க. கட்டத்தைக் காலி பண்ணுறது. தேவையில்லாதது எதுவும் உள்ள இருக்கக் கூடாது. கம்பம், ஒயர், ஆளு, நாய் எதுவும். விளிம்பு நாலையும் பார்த்து, எல்லாம் விலகுற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் அமுக்கணும்."

"அப்ப ஆளு இருந்தாங்க?"

மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டார். "பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருந்தார்ம்மா. ரொம்ப நேரமா. வெளிச்சம் போயிடும்னு நான்தான் பின்னாடியிருந்து குரல் குடுத்தேன். அய்யா, கொஞ்சம் தள்ளிக்க முடியுமான்னு. எழுந்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து, மன்னிச்சுக்குங்கன்னார். நாங்கதான் அவரைத் தொந்தரவு பண்ணினோம், அவர் மன்னிப்புக் கேட்டார்."

"அவர்தான்" என்றார் அண்ணி.

"எந்தப் பக்கம் போனார்?" என்றேன் நான்.

"நான் கேமராவுக்குள்ள கண்ணை வெச்சுட்டேன் சார். கட்டத்தை விட்டு வெளிய போனார். அது வரைக்கும்தான் பார்த்தேன்."

"வலது பக்கம்" என்றார் ஸ்டாண்டு. "இல்ல, இடது. எனக்கு நல்லா ஞாபகம்" என்றார் மருந்துக்கடை அம்மா. "உங்களுக்கு உங்க வீட்டு ஸ்கூட்டர் எந்தப் பக்கம் நின்னுச்சுன்னே ஞாபகம் இருக்காது" என்று ஸ்டாண்டு சொல்ல, இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு முற்றியது. மாஸ்டர் கையை உயர்த்தி அடக்கினார்.

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பேக்கரியில் கவுன்டரில் நிற்பவள். உடுப்பில் மாவு வாசனை வந்தது. அவளை எல்லாரும் 'அவசரம்' என்று கூப்பிட்டார்கள். அவளுக்குக் காத்திருக்க வராதாம், மாஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே அமுக்கிவிடுவாளாம்.

"மாஸ்டர், நான் ஒண்ணு ஆளோட எடுத்தேன்ல? நீங்ககூட, அடுத்த மாசப் பாடத்தை இந்த மாசமே பண்ணிட்டேன்னு திட்டினீங்களே."

"அழிக்கச் சொன்னேனே அதை."

"அழிக்கலை. கரைக்கோடு கோணாம வந்த ஒரே படம் அதுதான்னு வெச்சிருக்கேன். வீட்டுல இருக்கு."

அண்ணி என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவசரம் அச்செடுத்த படத்தோடு வீட்டுக்கு வந்தாள். அண்ணி மெஷினிலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு அதை மேசை விளக்கின் அடியில் வைத்தார்.

தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியாத வெளிறல். கீழ் ஓரத்தில் பெஞ்சு. பாலமும் மதகும் பனியில் மறைந்திருந்தன. அண்ணன் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். உடம்பு பாதி எங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, ஒரு கை மன்னிப்புக் கேட்கிற மாதிரி அரைகுறையாக உயர்ந்திருக்கிறது. சட்டைப் பையில் அந்தப் பேனாவும் இருந்தது. அவர் நடந்தது படத்தில் வலது பக்கம்.

வலது. பாலம், நெடுஞ்சாலை, பஸ்.

"அண்ணி, பார்த்தீங்களா? நான் இதை இப்பவே காப்பி போட்டு எடுத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினேன். அண்ணி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். நான் வண்டியைத் தெருவில் இறக்கித் திருப்பும்போது இரண்டு பெண்களும் வாசலில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவசரம் தலையை ஆட்டி ஆட்டி என்னமோ விளக்கினாள். அண்ணி அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, என்னைப் பார்த்து, "தம்பி, இந்தப் பொண்ணைப் போற வழியில பேக்கரியில விட்டுடுங்க. ராத்திரி ஷிப்டாம்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது.

மாஸ்டர் தன் செலவிலேயே படத்தைப் பெரிதாக்கிச் சுவரொட்டியாக அடித்துக் கொடுத்தார். சுவரொட்டிக் கட்டை என்னிடம் தரும்போது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தப் பொண்ணு தெரிஞ்சு பண்ணிச்சோ தெரியாம பண்ணிச்சோ, சரியா விழுந்திருக்கு சார். நடக்குறவருக்கு முன்னாடிதான் இடம் விடணும், பின்னாடி விடக் கூடாது. அப்பத்தான் பார்க்குறவனுக்கு, இவர் எங்கேயோ போறார், போய்ச் சேர்ந்துடுவார்னு ஒரு நம்பிக்கை வரும்."

அதன் பிறகு என் விடுமுறை நாளெல்லாம் பஸ்ஸில் கழிந்தது. பார்சல் ஆபீசில் இருப்பதால் எந்த ஊருக்கு எந்தத் தடம் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நிறுத்தத்தில் நிற்கிற பஸ்கள் போகும் ஊர்களை வரிசைப்படுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். பஸ் நிலையம், சத்திரம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் ஒட்டினேன், காட்டினேன். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர், "இந்த ஆளை மாதிரி ஒருத்தரைப் பார்த்திருக்கேன்" என்றார். ஒரு ஊரில் ஓட்டலில் மேசை துடைப்பவர் என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்த ஆளுக்கு என் வயதுகூட இல்லை. இன்னொரு ஊரில் காய்கறிச் சந்தையில் மூட்டை எண்ணுகிறவர் என்றார்கள். அவர் இரண்டு நாள் முன்பு வேலையை விட்டுவிட்டாராம். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்தால் அண்ணி சோறு போட்டு எதிரில் உட்காருவார். போனது வந்தது எல்லாவற்றையும் சொல்லுவேன்.

"தாடி வெச்சிருந்தாராமா?"

"வெச்சிருந்தாராம் அண்ணி."

"வெச்சா நல்லாத்தான் இருக்கும். நான் சொன்னப்பல்லாம் அரிக்குதுன்னார்." பிறகு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க. அடுத்து எந்த ஊர்?"

ஒரு தடவைகூட, நானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வயசுக்கு அலைச்சல் வேண்டாம் என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சில நாள் அவர் செருப்பில் சேறு காய்ந்திருக்கும். அதையும் பார்த்தேன். கேட்கத் தோன்றவில்லை.

மழைக்காலம் வந்தது. என் சட்டைகள் காயவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அண்ணி பீரோவைத் திறந்து அண்ணன் சட்டை ஒன்றைக் கொடுத்தார். "போட்டுக்குங்க. சும்மா மடிச்சு வெச்சு என்ன ஆகப்போகுது?" எனக்குத் தோள் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தது. அவர் மாதிரியே பேனாவைப் பையில் செருகிக்கொண்டேன்.

அது பட்டியலில் கடைசிக்கு முந்தின ஊர். பஸ் நிலையத் தூணில் சுவரொட்டியை ஒட்டிவிட்டு, அடியில் என் போன் நம்பர் மழையில் கரைந்திருந்ததால் மறுபடி எழுத வேண்டி, வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பேனாவை எடுத்தேன். இடது மார்பில் பை, அதிலிருந்து பேனா. எல்லாச் சட்டையிலும் அப்படித்தான். படத்தில் அண்ணன் எனக்கு நேர் எதிரே நின்றார், அதே மாதிரிக் கோடு போட்ட இன்னொரு சட்டையில். அவருடைய பையும் பேனாவும் வலது மார்பில் இருந்தன.

நான் மூடியைத் திறந்த பேனாவோடு நின்றேன். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அண்ணி தைத்த எல்லாச் சட்டையும் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் தைத்த எந்தச் சட்டைக்கும் வலது பக்கம் பை கிடையாது. படம்தான் திரும்பியிருந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அப்படியானால் அவர் நடந்தது இடது பக்கம்.

அங்கிருந்தே பேக்கரிக்குப் போன் போட்டேன். அவசரம் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள் போல, தட்டுகள் இடிபடும் சத்தம் கேட்டது.

"ஆமாண்ணா, திருப்பிப் போட்டேன். மாஸ்டர் சொல்லியிருக்கார்ல, பார்க்குறவங்க கண்ணு இடதுலேருந்து வலதுக்குத்தான் போகும், ஆளும் அப்படியே போனாத்தான் படம் இழுக்கும்னு. அன்னைக்கு ராத்திரியே வீட்டுக் கம்ப்யூட்டர்ல திருப்பிட்டேன். பழையது இல்ல, அது மேலேயே சேமிச்சுட்டேன். அதே படம்தானேன்னு…" அவள் நிறுத்தினாள். "அக்கா அன்னைக்கே கேட்டாங்களே. சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். அண்ணி மெஷினில் சின்னச் சின்ன நீலச் சட்டைகளுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பை வைத்தவை, இன்னொரு பக்கம் வைக்காதவை. நான் சுவரொட்டிக் கட்டை மூலையில் வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் பல விதமாக யோசித்து வந்தது எல்லாம் மறந்துவிட்டது. என் நெஞ்சில் இருந்த பையைத் தொட்டேன்.

அண்ணி மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"தெரிஞ்சுடுச்சா?" என்றார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?"

"படத்தை விளக்குக்கு அடியில வெச்சதுமே. ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பையைத்தான் பார்த்தேன். என் கண்ணு அங்கதானே போகும்? நாள் முழுக்க அதைத்தானே வெச்சுத் தைக்கிறேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க செருப்பை மாட்டிட்டீங்க." நூலை அறுத்தார். "அதுவரைக்கும் நீங்க சாப்பிடவே இல்ல, தம்பி. தட்டுல கையை வெச்சுட்டு எழுந்துடுவீங்க. வலதுன்னு ஆனதும் ராத்திரி மறுசோறு கேட்டீங்க. கொஞ்ச நாள் போகட்டும், தானா அலுத்துக்குவீங்கன்னு பார்த்தேன். நீங்க அலுக்கிற ஆளா? ஊரை வரிசை போட்டுல்ல போறீங்க."

நான் தரையில் உட்கார்ந்தேன். "மதகுப் பக்கம் மறுபடி தேடச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். ஸ்டேஷன்ல சொன்னேன். ஒரு சட்டைப் பையை வெச்சு என்னம்மா பண்றதுன்னாங்க. மதகுக் காவல்காரர்கிட்ட போனேன். திறந்த தண்ணி எங்கெல்லாம் போகும்னு கேட்டேன். வாய்க்கால் கடைசி வரைக்கும் காட்டினார். நீங்க பஸ்ஸுல போன நாளெல்லாம் நான் வாய்க்கால் ஓரமா நடந்தேன். முள்ளுப்புதர், நாணல், ஒவ்வொரு வளைவுலயும் ஒதுங்கின குப்பை. ஒரு செருப்பு கிடைச்சுது. அவரோடது இல்ல. அதுக்கு அப்புறம் ஆத்துல சேர்ந்துடுது. ஆறு எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். போன வாரத்தோட நிறுத்திட்டேன்."

அப்போதுதான் அந்தச் செருப்புச் சேறு எனக்கு விளங்கியது. ஒரே ஆளைத் தேடி ஒரே நாளில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு திசைக்குப் போயிருக்கிறோம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

"இடதுன்னா அழுதுடுவேன்னு சொன்னீங்களே அண்ணி."

"எப்படி அழறது? நீங்க மாடியில இருக்கீங்க. சத்தம் கேக்காதா? கேட்டா எதுக்குன்னு வருவீங்க." அண்ணி தைத்த சட்டைகளைத் தைக்காதவற்றிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "இனிமே அழலாமா தம்பி?"

"அழுங்க அண்ணி."

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். மழை பெய்தது. தெருவில் யாரோ குடையை உதறினார்கள். அண்ணியின் முகம் அப்படியே இருந்தது. தொண்டை மட்டும் ஒன்றிரண்டு தடவை ஏறி இறங்கியது.

"வரலை" என்றார் கடைசியில். "அடக்கி அடக்கி, எங்க வெச்சேன்னு தெரியலை."

சற்று நேரம் கழித்து, படத்தைச் சரியாகத் திருப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டார். என் போனில் இருந்ததைத் திருப்பினேன். ஒரு விரல் வேலைதான். பெஞ்சு மறுபக்கம் போனது. பை இடது மார்புக்கு வந்தது. அண்ணன் கையை அரைகுறையாக உயர்த்தி எங்களிடம் மன்னிப்புக் கேட்டபடி இடது பக்கம் நடந்தார். அவருக்கு முன்னால் அதே அளவு இடம் இருந்தது, பனியும் தண்ணீரும்.

அண்ணி போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தள்ளிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கோணாமத்தான் எடுத்திருக்கா" என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஈரச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. காயப் போடணும்."

கழற்றிக் கொடுத்தேன். பையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல், அண்ணனின் செல்போன் பக்கத்தில் வைத்தார். கொடியில் இடமில்லை, நீலச் சட்டைகளை நகர்த்தி, நடுவில் அதைத் தொங்கவிட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, பை வைக்காத அடுத்த சட்டையை ஊசிக்கு அடியில் தள்ளினார்.